புது பேரிங் போட்டும் பிஸ்டன் ஆடுகிறது: அளவு தவறா, ராடு போய்விட்டதா?

கேள்வி, 2024 பிப்ரவரி 11, காலை

வணக்கம். நான் மலேசியாவில் கோல கெட்டில் பக்கம். சைக்கிளில் பொருத்தும் இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் ஒன்றைப் பிரித்திருக்கிறேன். 80 சிசி என்று சொல்லி விற்றது. பிஸ்டனையும் சுழலும் தண்டான கிராங்கையும் இணைக்கும் ராடின் மேல்முனையில் புது ஊசி பேரிங்கும் (மெல்லிய ஊசி உருளைகள் உள்ள பேரிங்), பிஸ்டனை அந்த ராடோடு கோக்கும் புது பின்னும் போட்டேன். அப்படியும் பிஸ்டனைப் பிடித்து ஆட்டினால் அந்தப் பின்னின் நீளவாக்கில் இப்படியும் அப்படியும் சாய்கிறது. பழைய பேரிங்கிலும் ஏறக்குறைய இதே ஆட்டம்தான். பேரிங் அளவு தவறு என்கிறார் கடைக்காரர். ராடு தேய்ந்துவிட்டது, மாற்று என்கிறான் நண்பன். யார் சொல்வது சரி?

பதில், 2024 பிப்ரவரி 11, இரவு

அந்தச் சாய்வாட்டத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம், தம்பி. சுங்கை சிப்புட்டில் என்னிடம் வரும் இந்த வகை என்ஜின்களில், நன்றாக இருந்த ராடையும் பேரிங்கையும் இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து தூக்கிப் போட்டவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கணக்காகவே பார்ப்போம். இந்த என்ஜின்களில் பெரும்பாலும் சிலிண்டரின் விட்டம் 47 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 38 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 66 சிசிதான் வரும். 80 என்பது விற்பனைக்காக ஒட்டிய எண். நான் பிரித்தவற்றில் பின்னின் விட்டம் 10 மி.மீ., பேரிங்கின் வெளிவிட்டம் 14 மி.மீ., அகலம் 12.5 மி.மீ. அந்தப் பேரிங்குக்கும் பின்னுக்கும் நடுவே 0.015 மி.மீ. இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊசிகள் உருள்வதற்குச் சிறிது இடைவெளி வேண்டும். 12.5 மி.மீ. அகலத்தில் 0.015 மி.மீ. சாயக்கூடிய ஒன்று, 47 மி.மீ. அகலமுள்ள பிஸ்டனின் விளிம்பில் ஏறக்குறைய நான்கு மடங்கு, அதாவது 0.05 மி.மீ.க்கும் மேல் சாயும். ராடின் கீழ்முனையில் பக்கவாட்டில் விட்டிருக்கும் இடைவெளியும் இதோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே குறையே இல்லாத புது என்ஜினிலும் பிஸ்டன் அந்தத் திசையில் கண்ணுக்குத் தெரியும்படி ஆடும். பிஸ்டனை நேராக நிறுத்துவது சிலிண்டரின் சுவர். பேரிங்குக்கு அந்த வேலை கிடையாது.

நீங்கள் பார்க்க வேண்டியது மேலும் கீழுமான ஆட்டத்தை மட்டும்தான். அதையும் பிஸ்டனைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. பிஸ்டனைக் கழற்றிவிட்டு, ராடின் மேல்முனையில் பேரிங்கையும் பின்னையும் மட்டும் நுழையுங்கள். இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். பின்னின் இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்து, சாயவிடாமல் நேர் மேலே தூக்கி, நேர் கீழே அழுத்துங்கள். 'டக்' என்று ஒரு தட்டல் விரலுக்குத் தெரிந்தால் தேய்மானம் உண்டு. அது இல்லாமல், சுற்றும்போது பட்டுப்போல் உருண்டு, பக்கவாட்டில் தடையின்றி நகர்ந்தால் பொருத்தம் சரியாக இருக்கிறது.

2024 பிப்ரவரி 12

நேற்று எண்ணெய் விடச் சொன்னதற்கு முன்னால் ஒரு படியைச் சேர்க்கிறேன். முதலில் பின், பேரிங், ராடின் துளை மூன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, உலர்ந்த நிலையில் ஒருமுறை பாருங்கள். எண்ணெய்ப் படலம் சின்னத் தட்டலை மறைத்துவிடும். கிரீஸ் தடவியிருந்தால் பெரிய தட்டலே மறைந்துவிடும். உலர்நிலையில் பார்த்துவிட்டு, பிறகு எண்ணெய் விட்டு உருட்டிப் பாருங்கள். முதல் சோதனை இடைவெளியைக் காட்டும், இரண்டாவது சொரசொரப்பைக் காட்டும். கழுவிய பேரிங்கை உலர்ந்தபடியே நெடுநேரம் விட்டுவைக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஓரிரவிலேயே துரு பிடித்துவிடும்.

2024 பிப்ரவரி 14

பிற்பகலில் பின் எளிதாக நுழைந்தது, காலையில் இறுகிவிட்டது, வெயிலில் அலுமினியம் விரிந்துதானே என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும் என்பது உண்மை. ஆனால் 10 மி.மீ. துளையில் பத்து டிகிரி மாற்றத்துக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மைக்ரான் அளவுதான், அதாவது 0.001 மி.மீ. கட்டைவிரலுக்கு அது தெரியாது. காலையில் எண்ணெய் கெட்டியாக இருந்திருக்கலாம். துளையின் வாயில் பிசிர் இருந்திருப்பதற்கு அதைவிட வாய்ப்பு அதிகம். பின் வெளியே நழுவாமல் தடுக்கும் கிளிப்பைக் குறட்டால் நெம்பி எடுக்கும்போது, கிளிப் உட்காரும் பள்ளத்தின் ஓரத்தில் அலுமினியம் மயிரிழைபோல எழும்பி நிற்கும். பின் அதில்தான் சிக்குகிறது. அந்த ஓரத்தை மட்டும் கூரான கத்தியால் மெல்லச் சுரண்டுங்கள். துளைக்குள் எமரி தாளை விடவே கூடாது.

மாறாக, பிஸ்டனை மட்டும் வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, பின்னைக் குளிர்ந்த நிலையில் நுழைத்தால் கதை வேறு. 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது துளை 0.014 மி.மீ. அளவுக்கு விரியும். அது போதும். சுத்தியல் தேவைப்படாது.

சுத்தியலைப் பற்றிச் சொல்ல வந்ததால் சொல்கிறேன்: பிஸ்டனுக்கு மறுபக்கம் முட்டுக் கொடுக்காமல் பின்னை அடித்து வெளியேற்றும் பழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அந்த அடி முழுவதையும் மெல்லிய ராடுதான் வாங்குகிறது. எனக்கு இதைப் பார்த்தால் உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை.

2024 பிப்ரவரி 17

கோல கெட்டில் தம்பி அளந்து அனுப்பியிருக்கிறார். புதுப் பின் நடுவிலும் முனைகளிலும் 9.99 மி.மீ.; பழைய பின் முனைகளில் 9.99, நடுவில் 9.96. மிக நல்ல வேலை. முனைகள் பிஸ்டனுக்குள் இருப்பதால் அவ்வளவாகத் தேய்வதில்லை, ஊசிகள் ஓடும் நடுப்பகுதிதான் தேயும். ஆகவே ஒரே பின்னிலேயே பழைய அளவும் இப்போதைய அளவும் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. 0.03 மி.மீ. தேய்மானம் என்பது கழிக்க வேண்டிய பின். புது பேரிங்கை வாங்கிப் பழைய பின்னோடு சேர்த்துவிட்டு, பேரிங் சரியில்லை என்று கடையில் சண்டை போடுகிறவர்கள் பின்னை இப்படி ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்.

இதற்கு மைக்ரோமீட்டர்தான் வேண்டும். கையில் பிடிக்கும் டிஜிட்டல் காலிப்பர் திரையில் 0.01 வரை காட்டினாலும், அதன் துல்லியம் 0.02 அல்லது 0.03 மி.மீ. அளவில்தான் இருக்கும். நாம் தேடும் தேய்மானமும் அதே அளவு. மைக்ரோமீட்டர் இல்லாதவர்கள் நகத்தை நம்பலாம்: முனையிலிருந்து நடுவை நோக்கி நகத்தை இழுக்கும்போது ஒரு படி தட்டுப்பட்டால் பின்னை மாற்றுங்கள். நடுவில் நீலமோ பழுப்போ ஏறியிருந்தால் எண்ணெய் போதாமல் சூடேறியிருக்கிறது. நகத்தில் ஒன்றும் தட்டுப்படாவிட்டாலும் அந்தப் பின்னை மீண்டும் போடக் கூடாது.

2024 பிப்ரவரி 17, இரவு

பின்னின் ஒரு பக்கத்தில் மட்டும் வரிவரியாகத் தடம் விழுந்திருப்பது ஏன் என்ற கேள்விக்கு விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்தப் பொருத்தத்தின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

மேல்முனைப் பேரிங் முழுச்சுற்றுச் சுற்றுவதில்லை. ராடு இடமும் வலமும் சாயும் அளவுக்கு முன்னும் பின்னும் அசைகிறது, அவ்வளவுதான். ஒவ்வோர் ஊசியும் ஒரு சிறு இடத்துக்குள்ளேயே போய்வருகிறது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் புகையை வெளியேற்றி மீண்டும் காற்றை இழுக்கும் வேளையில் பின்மேல் உள்ள அழுத்தம் திசை மாறும். அந்த நொடியில் எண்ணெய் உள்ளே புகுந்துகொள்ளும். இரண்டு ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் எரிப்பு நடப்பதால் அழுத்தம் ஏறக்குறைய எப்போதும் கீழ்நோக்கியே இருக்கிறது. நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடினால் நொடிக்கு எண்பதுக்கும் மேற்பட்ட அடிகள், எல்லாம் ஒரே பக்கம். வெறும் வெண்கல வளையத்தைவிட ஊசி பேரிங் இங்கே நன்றாகத் தாக்குப் பிடிப்பதற்குக் காரணம் அதுதான்: பெட்ரோலோடு கலந்து வரும் சிறிதளவு எண்ணெய் உருளும் ஊசிக்குப் போதும், உராயும் வளையத்துக்குப் போதாது.

பின் பிஸ்டனுக்குள் தானாக மெல்லச் சுற்ற முடிந்தால் இந்த அடி பின்னைச் சுற்றிலும் பகிரப்படும். பிஸ்டன் துளையில் இறுகி நின்றுவிட்டால் ஒரே பக்கம் அடிவாங்கி ஊசிகளின் தடம் அப்படியே பதியும். எனவே ஒரு பக்கத் தடத்தைக் கண்டால் பின்னை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாமல், பின் பிஸ்டன் துளையில் எப்படி நுழைகிறது என்பதையும் பாருங்கள். எண்ணெய் தடவிய பிஸ்டன் பின் கட்டைவிரல் அழுத்தத்தில் சற்றே தடையோடு நுழைய வேண்டும். தானாக நழுவி விழுந்தால் துளை பெரிதாகிவிட்டது, பிஸ்டனை மாற்றுங்கள்.

2024 பிப்ரவரி 19

ராடு தேய்ந்ததா என்பதற்குத் தம்பியின் அளவுகளே விடை சொல்லிவிட்டன. புதுப் பின்னும் புது பேரிங்கும் போட்டபோது மேல்கீழ் தட்டல் இல்லை. பழைய பின்னும் புது பேரிங்கும் சேர்ந்தபோது தட்டல் இருந்தது. ராடின் துளை தேய்ந்திருந்தால் இரண்டு முறையும் தட்டியிருக்கும். துளையின் உள்ளே விளக்கடித்து, கீழ்ப்பாதியில் குழியோ செதிலோ இல்லை என்பதை உறுதி செய்துகொண்டால் போதும். பேரிங்கின் அளவும் சரி, ராடின் துளையும் சரி. ஊசிகளைத் தாங்கும் கூட்டின் மெல்லிய கம்பிகளில் கீறல் இருக்கிறதா என்று பழைய பேரிங்கைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். இருந்தால், அது உடைந்து கிராங்க் அறைக்குள் விழுவதற்கு முன்னால் நீங்கள் பிரித்துவிட்டீர்கள் என்று பொருள்.

2024 பிப்ரவரி 25

தம்பி அனுப்பிய பிஸ்டன் படத்தைப் பார்த்த பிறகு, 19ஆம் தேதி எழுதியதற்கு மேல் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னின் ஒரு முனைப் பக்கத்தில் பிஸ்டனின் மேல்பகுதியும், எதிர்முனைப் பக்கத்தில் கீழ்ப்பகுதியும் பளபளவென்று தேய்ந்திருக்கின்றன. இது பேரிங் தேய்மானத்தின் அடையாளம் அல்ல. ராடு வளைந்திருந்தால் பிஸ்டன் சிலிண்டருக்குள் சாய்ந்தபடியே ஏறி இறங்கும், அப்போதுதான் இப்படிக் குறுக்காகத் தேயும்.

வீட்டிலேயே இதைச் சரிபார்க்கலாம். சிலிண்டரைக் கழற்றியபின் கிராங்க் அறையின் வாய் சமதளமாக இருக்கும். ஒட்டியிருக்கும் கேஸ்கட்டை (இரு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தாள்) முழுவதுமாகச் சுரண்டி எடுங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு இரும்புத் துண்டுகளை ராடின் இருபுறமும் வையுங்கள். மேல்முனையில் பேரிங்கோடு பின்னை நுழைத்து, கிராங்கை மெல்லச் சுற்றிப் பின்னை அந்தத் துண்டுகள்மேல் இறக்குங்கள். பின் இரண்டு துண்டுகளிலும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கத்தில் ஒளி தெரிந்தால் ராடு வளைந்திருக்கிறது. அந்த இடுக்கில் ஃபீலர் தகட்டை (தடிமன் குறித்த மெல்லிய அளவுத் தகடு) நுழைத்து எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம். துண்டுகளுக்கு ஒரே கம்பியில் வெட்டியவற்றைவிட, 6202 என்ற எண்ணுள்ள பழைய பந்து பேரிங்குகள் இரண்டை நிறுத்திவைப்பது நல்லது. அவற்றின் வெளிவிட்டம் 35 மி.மீ., அதில் இரண்டுக்கும் வேறுபாடு மிக மிகக் குறைவாகவே இருக்கும். இந்த என்ஜின்களில் கிராங்க்கைத் தாங்குவதும் பெரும்பாலும் 6202தான் என்பதால் கழிவுப் பெட்டியில் கிடைக்கும். பக்கவாட்டில் உருளாதபடி களிமண் வைத்து நிறுத்துங்கள்.

2024 மார்ச் 3

தம்பி சோதித்துவிட்டார். ஒரு பக்கம் 0.15 மி.மீ. தகடு நுழைகிறது என்கிறார். முந்தைய சொந்தக்காரர் பின்னை அடித்துத்தான் கழற்றினாராம்.

வளைந்த ராடை நிமிர்த்தலாமா என்று கேட்கிறார். தோட்டத்துப் பட்டறையில் எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவர், புல்வெட்டும் இயந்திரங்களின் ராடை நிமிர்த்திப் போட்டதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பெரிய சிலிண்டர் என்ஜின்களின் தடித்த ராடுகளையும் தேர்ந்தவர்கள் நிமிர்த்துவதுண்டு. ஆனால் இந்தச் சைக்கிள் என்ஜினில் கிராங்க் தனித்தனித் துண்டுகளாக அழுத்திச் சேர்க்கப்பட்டது. நிமிர்த்தும் விசை கீழ்முனைப் பேரிங்கிலும் அந்தச் சேர்க்கையிலும் போய் இறங்கும். பிறகு கிராங்கே கோணலாகிவிடும். கிராங்க் ராடோடு முழுத் தொகுதியாகக் கிடைக்கும்போது அந்த ஆபத்து வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நண்பர் சொன்னபடி ராடு மாறத்தான் போகிறது, ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. காரணம் தெரியாமல் மாற்றியிருந்தால் புது ராடையும் அதே சுத்தியலால் வளைத்திருப்பார்கள்.

புதுத் தொகுதி வந்ததும் அதையும் சோதியுங்கள். புதிது என்பதற்காக நம்பிவிட வேண்டாம். கீழ்முனையில் ராடை நேர் மேலே இழுத்து, கீழே தள்ளிப் பாருங்கள்; தட்டல் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் நகர்வது இயல்பு. மேல்முனைத் துளையில் புது பேரிங்கையும் பின்னையும் போட்டு மறுபடி முழுச் சோதனை. எண்ணெய் போகும் சிறு துளை அல்லது வெட்டு, தயாரிப்பின்போது விழுந்த உலோகத் துகளால் அடைபட்டிருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள்.

2024 மார்ச் 4

கிளிப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. பழைய கிளிப்பை மீண்டும் போடாதீர்கள். போடும்போது கிராங்க் அறையின் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். கிளிப்பின் திறந்த வாய் நேர் மேலேயோ நேர் கீழேயோ இருக்க வேண்டும். பக்கவாட்டில் இருந்தால் பிஸ்டன் மேலும் கீழும் திரும்பும் வேகத்தில் கிளிப் ஒடுங்கிக் கழன்றுவிட வாய்ப்புண்டு. பள்ளத்தில் முழுவதுமாக உட்கார்ந்ததா என்பதைச் சிறு திருப்புளியால் சுற்றித் தள்ளிப் பாருங்கள். பிஸ்டன் தலையிலுள்ள அம்பு புகைக்குழாய்ப் பக்கம் நோக்க வேண்டும்.

2024 மார்ச் 16

ஓட்டிப் பார்த்தாயிற்று, ஆனால் ஒரு கடகட ஒலி வருகிறது, திரும்பவும் பிரிக்க வேண்டுமா என்கிறார் தம்பி. பிரிப்பதற்கு முன் கேளுங்கள். குளிர்ந்திருக்கும்போது கேட்டு, ஐந்து நிமிடத்தில் சூடேறியதும் மங்கினால் அது பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரில் தட்டும் ஒலி, 47 மி.மீ. விட்டத்துக்கு 0.05 மி.மீ. அளவு இடைவெளி விட்டிருந்தால் கொஞ்சம் கேட்கவே செய்யும். சூடேறிய பிறகும், ஆக்சிலரேட்டர் விசையைத் தளர்த்தி இறக்கத்தில் உருளும்போது மெல்லிய உலோகக் கிலுகிலுப்பு தெளிவாகக் கேட்டால் மேல்முனைப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஏற்றத்தில் சுமையோடு ஏறும்போது கனமாக இடித்தால் கீழ்முனை. கிளட்ச்சைப் பிடித்ததும் மாறிவிடும் ஒலிக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

2024 மார்ச் 17

அவருடையது சூடேறியதும் நின்றுவிடுகிறதாம். அப்படியே ஓட்டட்டும்.

2024 மார்ச் 31

பேரிங் மீண்டும் தேயாமல் இருக்க எவ்வளவு எண்ணெய் கலக்க வேண்டும் என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். என்னிடம் உள்ள என்ஜின் கிட்டோடு (பாகங்கள் முழுவதும் சேர்ந்த தொகுப்பு) வந்த தாளில் தொடக்க ஓட்டத்துக்கு 16க்கு 1, பிறகு 20க்கு 1 என்று இருக்கிறது. ஜாசோ எஃப்டி என்ற ஜப்பானிய இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய்த் தரமுள்ள இன்றைய எண்ணெய்க்கு நான் 25க்கு 1 வைக்கிறேன். 5 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மி.லி. பட்டணத்தில் சமதரையில் ஓட்டுகிறவர்கள் 32க்கு 1 போதும் என்பார்கள். பால்மரக் காட்டின் (ரப்பர் தோட்டத்தின்) மேட்டில், மெதுவாக, முழு விசையில் ஏறுகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். எண்ணெய் கொஞ்சம் கூடினால் பிளக் அழுக்காகும், புகைக்குழாயில் கரி சேரும், இரண்டையும் துடைத்துவிடலாம்.

எண்ணெயைவிட முக்கியமாக நான் கருதுவது காற்று வடிகட்டி. இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் உள்ளே வரும் காற்று முதலில் கிராங்க் அறைக்குள்தான் நுழைகிறது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் தூள் வடிகட்டியைத் தாண்டினால், சிலிண்டரை அடைவதற்கு முன்பே கிராங்க் பேரிங், ராடின் இரு முனைகள் எல்லாவற்றையும் அரைத்துக்கொண்டுதான் மேலே போகிறது. கிட்டோடு வரும் மெல்லிய பஞ்சுத் துண்டைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவிப் பிழிந்து போடுங்கள். கோடையில், லாரிகள் ஓடும் தோட்டப் பாதையில் போகிறவர்கள் இதை வாரம் ஒருமுறை செய்யுங்கள். கார்புரேட்டர் கழுத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் கிழிந்திருந்தால் வடிகட்டி எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. காற்று அந்த வழியாகப் புகும், கலவையில் பெட்ரோலும் அதோடு வரும் எண்ணெயும் குறையும், பிஸ்டன் பின் மறுபடி நீலமாகும்.

2024 ஏப்ரல் 2

உள்ளூர்க் கடையில் சைக்கிள் கிட்டுக்கான பேரிங் கிடைக்காதவர்களுக்கு: உள்விட்டம் 10, வெளிவிட்டம் 14 மி.மீ. உள்ள ஊசி பேரிங் சிறிய ஸ்கூட்டர்களுக்கும் வருகிறது, ஆகவே மோட்டார் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். அகலத்தை மட்டும் கவனியுங்கள். 15 மி.மீ. அகலமுள்ளதும் அதே விட்டங்களில் உண்டு. அது பிஸ்டனின் உட்பக்கத்தில் இருபுறமும் உரசுமா என்பதை, பின்னை நுழைத்துக் கையால் தள்ளிப் பார்த்த பிறகே வாங்குங்கள். பழைய பேரிங்கையும் பிஸ்டனையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.